வயது ஏறியும் விலை இறங்காத வண்டி

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பழைய வண்டிகள் விற்கும் இடம் ஒன்றில் இரண்டு டீசல் பிக்கப்புகள் பக்கத்துப் பக்கமாக நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 1997-ஆம் ஆண்டு டாட்ஜ் ராம் 2500. மற்றது 2005-ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-250. இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம் ஓடியவை, வெளித்தோற்றமும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. ஃபோர்டு எட்டு வருடம் இளையது. அதன் இன்ஜின் 325 குதிரைத்திறன் தரும். டாட்ஜ் 215-ஐத் தாண்டாது. இருந்தும் டாட்ஜுக்குக் கூடுதல் விலை சொல்வதும், சொன்ன விலைக்கு ஆள் வந்து வாங்கிப்போவதும் அங்கே வழக்கம்.

வாங்கிய அன்றே விலை இறங்கத் தொடங்கும் பொருள் வண்டி என்பதுதான் நமக்குத் தெரிந்த கணக்கு. இங்கே அது தலைகீழாகத் தெரிகிறது. ஆனால் கணக்கு தப்பவில்லை. பழைய வண்டிக்குப் பணம் கொடுப்பவர் அது இனிமேல் செய்யப்போகும் வேலைக்குத்தான் கொடுக்கிறார். அந்த வேலை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது ஒன்று. அதை எவ்வளவு உறுதியாகத் தெரிந்துகொள்ள முடிகிறது என்பது இன்னொன்று. நியாய விலை இந்த இரண்டையும் சார்ந்தது. வயதும் ஓடிய தூரமும் அவற்றைக் காட்டும் மங்கலான அடையாளங்கள் மட்டுமே.

கனத்த உடம்பு, மெதுவான ஓட்டம்

டீசல் இன்ஜினில் தீப்பொறிக்கு வேலை இல்லை. சிலிண்டருக்குள் இழுத்த காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்கு இடத்துக்குள் நசுக்குகிறது. நசுங்கிய காற்று கொதிப்பேறி நிற்கும்போது டீசலைப் பீச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். இவ்வளவு அழுத்தத்தைத் தாங்க வேண்டுமானால் உடம்பு கனமாக இருந்தாக வேண்டும். ராம் பிக்கப்பில் 1989 முதல் வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜினின் எடை மட்டுமே அரை டன் அளவுக்கு வரும். ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில். பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குள்ளேயே அது தன் வேலையை முடித்துவிடும். சுற்று குறைந்தால் ஒரே தூரத்துக்குப் பிஸ்டன் ஏறி இறங்கும் தடவையும் குறைவு, தேய்மானமும் குறைவு.

1994 முதல் 1998 வரையிலான ராமில் இந்த இன்ஜினுக்கு டீசலை அளந்து அனுப்பியது பாஷ் நிறுவனத்தின் பி7100 என்ற பம்ப். முழுக்க இயந்திர அமைப்பு, கணினி கிடையாது. இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுவதால் எளிதில் தேயாது. 1998-இன் நடுவில் வந்த அடுத்த தலைமுறை இன்ஜினில் விபி44 என்ற மின்னணு பம்ப் பொருத்தினார்கள். அதற்கு உயவும் குளிர்ச்சியும் டீசலே தர வேண்டும். டாங்கிலிருந்து டீசலைத் தள்ளிவிடும் சிறிய பம்ப் சோர்ந்துபோனால், விலை கூடிய விபி44 வறண்டு சாகும். ஒரே பெயர், ஒரே 5.9 லிட்டர். ஆனால் இரண்டுக்கும் விலை வேறு.

அப்படியானால் 1997 இன்ஜினில் குறையே கிடையாதா? உண்டு. அதன் முன்பக்கக் கியர் உறைக்குள் ஒரு சிறிய எஃகு முளை இருக்கிறது. அதிர்விலேயே நகர்ந்து நகர்ந்து கியர்களுக்கு நடுவில் விழுந்தால் இன்ஜினையே உடைத்துவிடும். அது கழன்று வராமல் தடுக்கச் சின்னத் தகடு ஒன்றைப் பொருத்தினால் போதும். மலிவாகத் தடுத்துவிடக்கூடிய குறை விலையை அதிகம் பாதிப்பதில்லை. தடுத்ததற்கான ரசீது கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஃபோர்டின் 6.0 லிட்டர் பவர்ஸ்ட்ரோக்கின் கதை வேறு. நேவிஸ்டார் நிறுவனம் செய்து கொடுத்த இந்த இன்ஜின் 2003 முதல் 2007 வரை இந்த பிக்கப்புகளில் வந்தது. ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் இன்ஜினின் நடுப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. கூலன்ட் ஓடும் அதன் நுண்ணிய வழிகளில் கசடு அடைத்துக்கொள்ளும். அந்த வழியாகத்தான் அடுத்த கூலருக்கும் கூலன்ட் போயாக வேண்டும். கழிவுப் புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்துத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் கூலர் அது. தண்ணீர் கிடைக்காமல் அது சூடேறி வெடித்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் கசியும், அழுத்தம் எகிறும், ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் இழுபடும், கேஸ்கெட் போய்விடும். இதற்கு முந்தைய 7.3 லிட்டர் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றி ஆறு போல்ட்டுகள் இருந்தன. 6.0-வில் நான்குதான். கூலரில் தொடங்கும் அடைப்பு ஹெட்டைக் கழற்றும் வேலையில் போய் முடிகிறது. வாங்குபவர் மனதில் ஓடுவது அந்தச் செலவுதான்.

சட்டம் போட்ட கோடு

விலையைத் தீர்மானிக்கும் எல்லாமே பானெட்டுக்குள் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2007-ஆம் ஆண்டு இன்ஜின்களிலிருந்து கரித்துகள் வரம்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. நைட்ரஜன் ஆக்சைடு வரம்பும் 2010-க்குள் படிப்படியாக இறுகியது. 2007 முதல் வந்த வண்டிகளில் கரித்துகள் வடிகட்டி வந்து சேர்ந்தது. சேர்ந்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். நெடுஞ்சாலையே காணாமல் குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டியில் அந்தச் சுத்தம் சரியாக நடக்காது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும், மாற்றினால் செலவு பெரிது.

சிலர் அதைக் கழற்றியே எறிந்துவிடுகிறார்கள். தூய காற்றுச் சட்டப்படி இது குற்றம். பத்தாண்டுக் காலத்தில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் இப்படிக் கை வைத்திருக்கிறார்கள் என்று அந்த முகமை 2020-இல் கணக்கிட்டது. புகைச் சோதனை இல்லாத ஊரில் ஓடும் அத்தகைய வண்டி கலிஃபோர்னியாவில் தேறாது. அந்த மாநிலத்தில் 1998 முதலான டீசல் பிக்கப்புகளுக்குப் புகைச் சோதனை உண்டு; 1997-க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் விலக்கு. நம் டாட்ஜின் பிறந்த ஆண்டே அங்கே ஓர் உதிரிபாகம் போல விலை போகிறது. பழைய இன்ஜின் துப்பும் கரியைச் சுவாசிப்பவரின் கணக்கு மட்டும் இந்தப் பேரத்தில் எந்தப் பக்கமும் வருவதில்லை.

ஒரு விலைக்குள் பல விலைகள்

இன்ஜினுக்கு இவ்வளவு, நான்கு சக்கர இழுவைக்கு இவ்வளவு, ஆண்டுக்கு இவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? எந்தக் கடையும் இவற்றைத் தனித்தனியாக விற்பதில்லையே?

அமெரிக்க வாகன உற்பத்தியாளர் சங்கத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ கோர்ட் 1939-இல் இதற்கு ஒரு வழி காட்டினார். பொருளியலாளர் ஸ்வி கிரிலிக்கஸ் 1961-இல் அதைச் செம்மைப்படுத்திப் பரவலாக்கினார். பண்புவாரி விலையாக்கம் என்று இதைச் சொல்லலாம். எல்லா வகையிலும் ஒத்த இரண்டு வண்டிகளில் ஒன்றில் மட்டும் நான்கு சக்கர இழுவை இருந்தால், விலை வித்தியாசம்தான் அதன் விலை. அப்படி இரட்டைப் பிள்ளைகள் கிடைப்பது அரிது. அதனால் ஆயிரக்கணக்கான விற்பனைகளை எடுத்துக்கொண்டு, எந்தப் பண்பு மாறும்போது விலை சராசரியாக எவ்வளவு மாறுகிறது என்று புள்ளியியல் முறையில் பிரித்தெடுக்கிறார்கள்.

இந்த முறைக்கு ஒரு பொறி உண்டு. சந்தையில் இன்று நிற்கும் 1997 வண்டிகள், அந்த ஆண்டு தொழிற்சாலையை விட்டு வந்த வண்டிகளின் சரியான மாதிரி அல்ல. துருப்பிடித்தவை, விபத்தில் நொறுங்கியவை, கவனிப்பாரற்றவை எல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. எஞ்சியவை பொதுவாக நல்ல கையில் வளர்ந்தவை. ‘அந்தக் காலத்து வண்டியே தனி’ என்ற பேச்சில் கொஞ்சம் பொறியியல் இருக்கிறது. கொஞ்சம் இந்தச் சல்லடையின் வேலையும் இருக்கிறது. புள்ளியியலில் இதைப் பிழைத்தவை சார்பு எனலாம்.

ஓடோமீட்டர் சொல்வதும் சொல்லாததும்

இரண்டு லட்சம் மைலை நெருங்கும் இரண்டு வண்டிகள். ஒன்று 1,99,900 மைல் ஓடியது, மற்றது 2,00,100. நடுவில் 200 மைல், சில மணி நேர ஓட்டம். இன்ஜினுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. விலைக்கு?

நிக்கோலா லசெடெரா, டெவின் போப், ஜஸ்டின் சிட்னர் ஆகிய மூவரும் மொத்த ஏலங்களில் விற்ற 2.2 கோடிக்கும் மேற்பட்ட பழைய வண்டிகளின் விவரத்தை ஆராய்ந்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். தூரம் கூடக் கூட விலை சீராக இறங்கியது. ஆனால் ஒவ்வொரு பத்தாயிரம் மைல் எல்லையிலும் திடீரென்று ஒரு படி சறுக்கியது, 150 முதல் 200 டாலர் வரை. நாம் எண்ணின் இடப்பக்க இலக்கத்தை ஊன்றிப் பார்க்கிறோம், பின்னால் வருவதை மேலோட்டமாக விட்டுவிடுகிறோம். இது தெரிந்தவருக்கு எல்லையைச் சற்றே தாண்டிய வண்டி லாபம்.

அந்த எண்ணையே நம்பலாமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் பொய்யான ஓடோமீட்டர் எண்ணோடு கைமாறுகின்றன என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீடு. விற்பவர் தூரத்தை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. ஆனால் 2010-க்கும் அதற்கு முந்தைய ஆண்டு வண்டிகளுக்கும் பத்து வயதோடு அந்தக் கட்டாயம் முடிந்துவிடும். நாம் பேசும் வண்டிகள் எல்லாமே இந்த விலக்குக்குள் வருபவை. அதனால் எண்ணை மற்றச் சாட்சிகளோடு ஒப்பிட வேண்டும். ஒரு லட்சம் மைல் என்று காட்டும் வண்டியில் பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஓட்டுநர் இருக்கையின் கதவுப் பக்க விளிம்பு பிய்ந்திருந்தால் ஏதோ இடிக்கிறது. தேதியும் தூரமும் குறித்த பழைய சர்வீஸ் ரசீதுகள் கைவசம் இருந்தால் அவை ஒன்றுக்கொன்று பேசும். எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போன வண்டியில் நாள் முழுக்க நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் தேய்மானம் ஓடோமீட்டரில் ஏறாது.

தெரிந்தவரும் தெரியாதவரும்

இனி மறைந்திருக்கும் குறைக்கு வருவோம். ஒரு கணக்குக்காக, குறையில்லாத 6.0 வண்டியின் விலை 15,000 டாலர் என்று கொள்வோம். ஹெட் கேஸ்கெட் போனால் செலவு 6,000. இந்த வண்டியில் அது போகும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பது. 6,000-இல் நாற்பது விழுக்காடு 2,400. அதைக் கழித்தால் 12,600. எதிர்பார்ப்பு மதிப்பு என்பது இதுதான்.

கணக்கு சரி. ஆனால் எந்த ஒரு வண்டிக்கும் இது சரியான விலை ஆகாது. நல்ல வண்டி 15,000 பெறும், கெட்டது 9,000. தன் வண்டி எந்தப் பக்கம் என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. 12,600-க்கு நல்ல வண்டிக்காரர் விற்க மாட்டார், கெட்ட வண்டிக்காரர் ஓடி வருவார். சந்தையில் கெட்டவை பெருகப் பெருக, வாங்குபவர் இன்னும் குறைத்துக் கேட்பார். மிச்சமிருக்கும் நல்லவையும் விலகும்.

ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரையின் சாரம் இது. மறைகுறை உள்ள காரை அமெரிக்கப் பேச்சில் ‘லெமன்’ என்பார்கள். கட்டுரையின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருந்தது. மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. 2001-இல் அதற்காகவே அவர் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் மாட்டுச் சந்தைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விற்பவர் வாயைத் திறப்பதற்கு முன்பே மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணிவிடுவார்கள். விற்பவருக்கு மட்டும் தெரிந்த செய்தியைத் தன் கையால் எட்டிப் பிடிக்கும் முயற்சி அது.

அக்கர்லாஃப் சொன்னது தர்க்கம். நிஜச் சந்தையில் அப்படித்தான் நடக்கிறதா என்று பார்க்க எரிக் பாண்ட் என்ற பொருளியலாளர் தேர்ந்தெடுத்தது பிக்கப் வண்டிகளையே. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் 1977-இல் நடத்திய டிரக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு வண்டியும் புதிதாக வாங்கியதா, பழையதாக வாங்கியதா, பெரிய ரிப்பேர் வந்ததா என்ற விவரங்கள் இருந்தன. கெட்ட வண்டிகள்தான் கைமாறுகின்றன என்றால், பழையதாக வாங்கியவற்றில் ரிப்பேர் கூடுதலாக இருக்க வேண்டும். வயதையும் தூரத்தையும் சமன்செய்து ஒப்பிட்ட பாண்ட், அப்படி வித்தியாசம் இல்லை என்று 1982-இல் அறிவித்தார். மைக்கேல் பிராட், ஜார்ஜ் ஹாஃபர் இருவரும் 1984-இல் அதை மறுத்து எழுத, பாண்ட் மீண்டும் அலசினார். பத்து ஆண்டைத் தாண்டிய வண்டிகளில் மட்டும் லெமன் விளைவின் அறிகுறி தென்பட்டது.

இந்தக் கடைசி வரிதான் நமக்கு முக்கியம். இள வயது வண்டியில் வாங்குபவர் மெக்கானிக்கிடம் காட்டுகிறார், உத்தரவாதம் இருக்கிறது, முதல் உரிமையாளரின் கதை தெரிகிறது. தகவல் இடைவெளி தானாகக் குறைகிறது. வயதான வண்டியில் இந்தக் கைத்தடிகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. அங்கே சோதனை இல்லாமல் நியாய விலை கிடையாது.

இன்ஜினைப் பேசவைத்தல்

முதல் சோதனைக்குக் காசு வேண்டாம், கை போதும். வண்டி பார்க்கப் போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். இரவெல்லாம் நின்ற இன்ஜின் சில்லென்று இருக்க வேண்டும். டீசலைப் பற்றவைப்பது அழுத்தத்தின் சூடுதான் என்பதால், ரிங்குகள் தேய்ந்து அழுத்தம் கசியும் இன்ஜின் குளிரில் திணறும். எரியாத டீசல் வெண்புகையாக வரும். ஒருமுறை சூடேறிவிட்டால் அதே இன்ஜின் நல்ல பிள்ளைபோல ஓடும். நீங்கள் வருவதற்கு முன்பே விற்பவர் வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், மிக முக்கியமான சாட்சியை அவர் கலைத்துவிட்டார் என்று பொருள். தொடர்ந்து வரும் நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். கரும்புகை, காற்றுக்கு மிஞ்சி டீசல் போவதை.

இரண்டாவது, ஆயில். பழைய ஆயிலில் ஒரு சிறு புட்டி ஆய்வகத்துக்குப் போனால், அதை எரித்து வரும் ஒளியைப் பிரித்து எந்த உலோகம் எத்தனை என்று சொல்வார்கள். இரும்பு கூடினால் சிலிண்டர் சுவர் தேய்கிறது. அலுமினியம் என்றால் பிஸ்டன்; ஈயமும் தாமிரமும் என்றால் பேரிங். சோடியம், பொட்டாசியம் தென்பட்டால் கூலன்ட் உள்ளே கசிகிறது. சிலிக்கன் என்றால் காற்று வடிகட்டியைத் தாண்டித் தூசு போகிறது. நேற்று ஆயில் மாற்றிய வண்டியில் இந்தச் சோதனை ஊமையாகிவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் தேன் நிறத்தில் பளபளத்தால் மகிழ்வதற்கு முன் ‘எப்போது மாற்றினீர்கள்?’ என்று கேளுங்கள்.

மூன்றாவது, 6.0-வுக்கே உரியது. வண்டியின் கணினியில் செருகும் மலிவான ஸ்கேனரோடு நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டி, நன்றாகச் சூடேறிய பின் ஆயிலின் வெப்பத்தையும் கூலன்டின் வெப்பத்தையும் பார்ப்பார்கள். இரண்டுக்கும் இடையே 15 ஃபாரன்ஹீட்டுக்கு மேல், அதாவது எட்டு செல்சியஸுக்கு மேல் இடைவெளி விழுந்தால் கூலர் அடைத்துக்கொண்டு வருகிறது. கேஸ்கெட் போவதற்கு வெகு முன்பே கிடைக்கும் எச்சரிக்கை அது.

நான்காவது, சேஸிஸ். பனிக்காலத்தில் சாலைக்கு உப்பு தூவும் மிச்சிகன், ஒஹாயோ போன்ற மாநிலங்களில் ஓடிய வண்டியின் இன்ஜின் இன்னும் பல ஆண்டு ஓடலாம். அதைத் தாங்கும் எஃகுச் சட்டகம் அதற்குள் உளுத்துவிடலாம். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். உளுத்தது சத்தென்று அமுங்கும்.

விளம்பரத்தில் நிற்கும் விலை

ஒத்த வண்டிகளின் விளம்பரங்களைப் பார்த்துச் சராசரி எடுப்பது பலருடைய வழி. அதில் ஒரு சாய்வு ஒளிந்திருக்கிறது. நியாயமான விலை போட்ட வண்டி இரண்டு நாளில் போய்விடும். அதிகம் கேட்பவரின் விளம்பரம் மூன்று மாதம் நிற்கும். ஏதோ ஒரு நாளில் நீங்கள் எட்டிப் பார்த்தால் கண்ணில் படுபவற்றில் பெரும்பகுதி விற்காமல் தேங்கியவை. அவற்றின் சராசரி சந்தை விலையைவிட எப்போதும் மேலேதான் இருக்கும். ஏலத்தில் விழுந்த விலையோ விற்று முடிந்த விலையோதான் உண்மையான தரவு. அது கிடைக்காதபோது, விளம்பரம் எத்தனை நாளாக நிற்கிறது என்று பார்த்து, விரைவில் மறைந்தவற்றுக்கு அதிக எடை கொடுக்கலாம்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு கையில் வருவது ஒரே எண் அல்ல, ஒரு வரம்பு. நம் கணக்கில் சோதனைக்கு முன் வரம்பு 9,000 முதல் 15,000 வரை விரிந்து கிடந்தது. ஆயில் அறிக்கை, வெப்ப இடைவெளி, ரசீதுகள் என ஒவ்வொன்றும் அதைச் சுருக்கும். முழுச் சோதனைக்கு முந்நூறு டாலர் ஆனாலும், நாற்பது விழுக்காடு வாய்ப்புள்ள ஆறாயிரம் டாலர் செலவுக்கு முன்னால் அது மலிவு. நல்ல வண்டிக்காரருக்கும் அதில் லாபமே: சோதனை இல்லாவிட்டால் அவருக்கும் 12,600-தான் கிடைக்கும். அதனால்தான் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிக் காட்டவோ மெக்கானிக்கிடம் விடவோ மறுப்பவரின் வண்டிக்கு வரம்பின் அடிமட்ட விலையைச் சொல்வது நியாயம். அந்த மறுப்பே ஒரு தகவல். அதற்கும் விலை உண்டு.